மாசி வீதியில் ஒரு சிறு கலைக்கூடம்: கூலியும் திண்ணையும்

மதுரை மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், தேர் வரும் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் கலைக்கூடம் இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு முற்றம், வெளியே ஒரு திண்ணை. 2019-ன் இறுதியில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினோம். மற்ற இருவரும் ஓவியர்கள். கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் நான் சேர்ந்தேன். இன்றைய ஓவியத்தையும் சிற்பத்தையும் மதுரைக்காரர்கள் மதுரையிலேயே பார்க்க வேண்டும். சுற்று வட்டாரத்து இளம் கலைஞர்கள் சென்னைக்கு ரயில் ஏறாமலே தங்கள் படைப்புகளைக் காட்ட வேண்டும். எங்கள் ஆசை இவ்வளவுதான்.

திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் காரைக்குடியிலும் இப்படி ஓர் இடம் தொடங்க நினைக்கிற நண்பர்கள் அடிக்கடி வந்து விசாரிக்கிறார்கள். "படம் விற்கிறதா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். செய்த ஒவ்வொரு வேலைக்கும், சொன்ன நாளில், கையெழுத்திட்ட தாளோடு கலைஞருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர்மக்கள் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்கள். கலைஞருக்குக் கொடுக்கும் கூலிக்கும் தெருவில் போகிறவர் உள்ளே வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எங்களுக்கும் அது புரிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தெரு போட்ட சோறு

தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இரண்டுதான். ஒன்று 1850-இல் தோன்றிய சென்னைக் கல்லூரி; மற்றொன்று கும்பகோணத்தில் இருக்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி உண்டு. ஓவியம் படிக்க வேண்டுமானால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு பிள்ளை கும்பகோணம் போய் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பினால், கல்யாண மேடை அலங்காரமும் பள்ளிச் சுவர் ஓவியமும் கிடைக்கும். நேர்மையான வேலைகள்தான். ஆனால் அந்தப் பிள்ளை கற்று வந்ததில் பாதிக்கு அங்கே இடமில்லை. அந்தப் பாதியைக் காட்ட ஒரு சுவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

முன்பு இந்தப் பக்கத்து ஓவியர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் இராமாயணம் எழுதியவர்களுக்கு நாயக்கர் காலத்துக் கோயிலும் அரண்மனையும் படி அளந்தன. பிறகு நாடகம் வந்தது. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்து நாடகக் குழுக்களுக்குக் காடு, தர்பார், அந்தப்புரம் என்று திரைச்சீலை எழுத ஆட்கள் தேவைப்பட்டார்கள். சென்னையில் முறையாக ஓவியம் பயின்ற கொண்டையராஜு (1898–1976) நாடகத்துக்குத் திரை எழுதிய வழியில்தான் கோவில்பட்டிக்கு வந்து தங்கி, சீடர்களை உருவாக்கினார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கின. அதற்கடுத்து சினிமா பேனர், கட்-அவுட், கடைப் பலகை, சுவர் விளம்பரம். 2000-களில் ஃப்ளெக்ஸ் அச்சு பரவியதும் அந்த வேலையும் வற்றிப்போனது.

நாடக டிக்கெட், கடைக்காரர் கொடுக்கும் காலண்டர், கோயில் உண்டியல் என்று எந்த வழியில் வந்தாலும் அந்தப் பணம் தெருவில் போகிறவர் கையிலிருந்து வந்த பணம். நாங்கள் கட்டிய வெள்ளைச் சுவர் அறைகளோ அந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றன.

முதல் கண்காட்சி

2019 டிசம்பரில் முதல் கண்காட்சி நடந்தது. அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சடித்தோம். மாலை ஏழு மணிக்குத் திறப்பு விழா. மருத்துவர்களும் பேராசிரியர்களும் வந்தார்கள், காபி குடித்தார்கள், பாராட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த பத்து நாட்களும் அறைகள் காலியாகவே கிடந்தன. சந்து முனையில் மல்லிகை கட்டி விற்கிற அம்மா ஒருவர் தினமும் எங்கள் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். கண்காட்சி முடிகிற அன்று, "ஏன் அம்மா, ஒருநாள்கூட உள்ளே வரவில்லையே?" என்று கேட்டேன். "செருப்பைக் கழற்ற வேண்டுமா, உள்ளே வந்தால் ஏதாவது வாங்க வேண்டுமா, ஒன்றும் தெரியவில்லை தம்பி" என்றார்.

அந்த பதிலை நான் மறக்கவே இல்லை. கோயிலுக்குள் எப்படிப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்குள் எப்படிப் போக வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் இடத்துக்குள் எப்படி வருவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கதவை மூடினோம். வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

கட்டம் போட்ட சுவர்

2021-இல் கதவைத் திறந்தபோது கையில் பணமில்லை. முற்றத்துச் சுவர் ஒன்று காலியாக இருந்தது. சினிமா பேனர் எழுதிய பெரியவர் ஒருவர் அடுத்த தெருவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரைப் பார்க்கப் போனோம். எங்கள் மாணவர்களுக்கு ஒருநாள் பாடம் எடுக்க வேண்டும், வந்தால் மரியாதை செய்கிறோம் என்று சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பொன்னாடை என் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது தம்பி. அரிசிக் கடையில் அதை வாங்க மாட்டார்கள். கூலி உண்டா?" என்று கேட்டார்.

அன்று வீடு திரும்பிய பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். அதுவரை நடந்த எங்கள் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். நாற்காலி வாடகைக்குப் பணம் கொடுத்திருந்தோம். மைக் செட்டுக்கும் அழைப்பிதழுக்கும் காபிக்கும் கொடுத்திருந்தோம். வரைந்தவருக்கும் பேசியவருக்கும் சொல்லிக்கொடுத்தவருக்கும் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. கலைக்கு ஆதரவு என்று நாங்கள் சொல்லிக்கொண்டது உண்மையில் கலைஞர்கள் எங்களுக்கு அளித்த ஆதரவு. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

அன்றே ஒரு விதி எழுதினோம். மதுரையில் ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி எவ்வளவோ, அதற்குக் குறையாமல் இங்கே வேலை செய்யும் எந்தக் கலைஞருக்கும் கொடுக்க வேண்டும். அன்றைய வேலைக்கு அன்றே. அதற்குப் பணம் இல்லையென்றால் நிகழ்ச்சி வேண்டாம்.

பெரியவர் வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. முதல் நாள் முழுவதும் நூல் அடிப்பதிலேயே போனது. சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் கீறி, அதே எண்ணிக்கையில் சுவரில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாக உருவத்தைப் பெயர்த்து எழுதும் முறை அது. நீலப் பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்குக் கட்டம் போடுவது தெரியும். பன்னிரண்டு அடி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டு, முழு முகத்தையும் பார்க்க முடியாத நிலையில், கண்ணின் கருவிழியை மட்டும் எழுதி முடிப்பது எப்படி என்பது தெரியாது. "கிட்டத்தில் பார்த்தால் அது வெறும் கருப்பாகத்தான் இருக்கும், அப்படியே விட்டுவிட்டு இறங்கு, கீழே போய்ப் பார்த்தால் கண் உன்னைப் பார்க்கும்" என்பார். இறங்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது ஞாயிறு அன்று அவருடைய பழைய தோழர்கள் வந்தார்கள். கடைப் பலகை எழுதியவர்கள், சுவர் விளம்பரம் எழுதியவர்கள், அவர்களோடு பேரப்பிள்ளைகள். கூலி கொடுக்கிற இடம் என்ற பேச்சு அவர்கள் வழியாகத்தான் சந்தில் பரவியது. தங்கள் ஆள் ஒருவர் மதிப்போடு வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தவர்கள்தான் எங்களுடைய முதல் உண்மையான பார்வையாளர்கள். மூன்றாவது ஞாயிறு மல்லிகைக்கார அம்மாவும் வந்தார். முழு முகத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரியவரிடம் ஒரு முழம் பூவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரியவரையே வாசலுக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொன்னோம். "செருப்போடு வரலாம். கட்டணம் இல்லை. எதையும் வாங்க வேண்டியதில்லை. குடிக்கத் தண்ணீர் உள்ளே இருக்கிறது." அந்தப் பலகைக்கும் கூலி கொடுத்தோம்.

2022 தேரோட்டம்

இரண்டு ஆண்டுகள் மக்கள் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா 2022 ஏப்ரலில் மீண்டும் மக்களோடு நடந்தது. தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் நிற்க இடமில்லை. அன்று கதவை மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்களில் ஒருவர், திண்ணையில் நீர்மோர்ப் பந்தல் வைக்கலாம் என்றார். வைத்தோம். கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வெயிலுக்கு ஒதுங்கி, மோர் குடித்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அறைகளுக்குள் வந்தன. சுவரில் அப்போது மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கரிக்கோல் வரைபடங்கள் மாட்டியிருந்தன: வாடிவாசல், காளைகள், காளையைக் கழுவும் பெண்கள்.

ஒரு படத்தின் முன்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நெடுநேரம் நின்றார். வரைந்த இளைஞர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இதை யார் எழுதியது?" என்று அந்தப் பெண் கேட்டார். இளைஞர் தயங்கித் தயங்கித் தன்னைக் காட்டிக்கொண்டார். "நன்றாக இருக்கிறது அய்யா. ஆனால் மூக்கணாங்கயிறு கொம்புக்குப் பின்னால் போய்த்தான் முடிச்சு விழும். நீ முன்னாலேயே முடித்துவிட்டாய். இந்த மாடு தலையை ஆட்டினால் கயிறு நழுவிவிடும்" என்றார். பிறகு அவரே இளைஞரின் குறிப்பேட்டை வாங்கி, தன் விரலை அதில் ஓட்டிக் கயிறு போகும் வழியைக் காட்டினார்.

அவர் அந்தப் படத்தை அழகா இல்லையா என்று பார்க்கவில்லை. அந்த மாடு நிற்குமா என்று பார்த்தார். அந்த இளைஞர் பிறகு என்னிடம், நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் யாரும் தன் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்று சொன்னார். அந்த வரிசை முழுவதையும் அவர் மறுபடி வரைந்தார். எங்கள் கண்காட்சிகளில் கலைஞர் தன் படங்களோடு கூடத்தில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அன்று பிறந்தது. அப்படி இருக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு. பார்வையாளரோடு பேசுவதும் வேலைதான்.

மாலைத் திறப்பு விழாக்களையும் அந்த ஆண்டு நிறுத்தினோம். இரவு ஏழு மணி விழா என்றால் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வரும் பெண் ஓவியர்கள் கூட்டம் சேரும் நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. தங்கள் கண்காட்சியின் திறப்பிலேயே பாதியில் எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் திறக்கிறோம். முற்றத்தில் பாய் விரித்து ஒரு பகுதி குழந்தைகளுக்கு விடுகிறோம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எங்களிடம் படைப்பு தரும் பெண்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது.

சீட்டு

எங்களிடம் வந்த இளம் கலைஞர்களில் பலரிடம் ஒரே மாதிரியான கதை இருந்தது. வெளியூர்க் காட்சிக்கூடம் ஒன்றுக்குப் படம் அனுப்பியிருப்பார்கள். படம் விற்றதா இல்லையா என்று தெரியாது. விற்றது என்று மூன்றாம் ஆள் சொல்லிக் கேள்விப்படுவார்கள். பணம் வர ஆறு மாதம் ஆகும், சில நேரம் வரவே வராது. கேட்டால் அடுத்த கண்காட்சியில் இடம் கிடைக்காதோ என்ற பயம். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

அதனால் இரண்டு பக்கச் சீட்டு ஒன்றைத் தமிழில் எழுதினோம். படத்தின் பெயர், அளவு, எதனால் வரையப்பட்டது, விலை, எங்கள் பங்கு, எத்தனை நாள் எங்களிடம் இருக்கும், போக வரச் செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் எத்தனை நாளில் பணம். பெரிய ஊர்களில் விற்பனையில் பாதியைக் கூடமே எடுத்துக்கொள்வதும் உண்டு. நாங்கள் 40 சதவீதத்தில் தொடங்கி, இப்போது 30 எடுக்கிறோம். பணம் வந்த 15 நாட்களுக்குள் கலைஞருக்குப் போய்விட வேண்டும். ஓவியத்தை வாங்கியவரின் பெயரையும் கலைஞரிடம் சொல்லிவிடுகிறோம். பல கூடங்கள் இதை மறைக்கின்றன, கலைஞர் நேரே விற்றுவிடுவார் என்று. எங்கள் அனுபவத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை.

சீட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். ஓவியத்தை விற்றால் துணியும் வண்ணமும்தான் வாங்கியவருக்குப் போகின்றன. அதை அச்சடிக்கும் உரிமை, எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ஒழிய, வரைந்தவரிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, இதை வரைந்து கொடுங்கள் என்று கேட்டு வரைந்ததென்றால் நிலைமை தலைகீழ்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மதுரையில் ஓவியர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எங்களோடு வேலை செய்யும் ஒரு பெண் ஓவியருக்கு இது வலியோடு தெரிய வந்தது. ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சுவரில் இரண்டு மாதம் வெயிலில் நின்று வைகைக் கரையை வரைந்தார். அடுத்த ஆண்டு அதன்மேல் விளம்பரம் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை. 57-ஆம் பிரிவு படைப்பாளிக்கு ஒரு தனி உரிமை தருகிறது. பதிப்புரிமையை விற்ற பிறகும் தன் பெயரைச் சொல்லக் கேட்கவும், தன் மதிப்புக்குக் கேடாகப் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் முடியும். புதுதில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் போராடி, 2005-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பாயிற்று. எங்கள் ஓவியர் வழக்குக்குப் போகவில்லை. போகும் நிலையிலும் அவர் இல்லை. அதன்பிறகு சுவர் ஓவியம் எதுவானாலும், குறைந்தது எத்தனை ஆண்டு அழிக்கக் கூடாது, அழிக்கும் முன் எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஏணி ஏறுகிறார். அந்தப் பக்கத்தை நாங்கள் தட்டச்சு செய்து கேட்கிற எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

மறுவிற்பனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் படைப்பாளிக்கும் ஒரு பங்கு உண்டு, 10 சதவீதம் வரை. நடைமுறையில் இந்தப் பங்கைக் கேட்டுப் பெறுவது கடினம். வாங்கியவர் பெயரைக் கலைஞரிடம் சொல்வது இதற்காகவும்தான்.

விண்ணப்பம் எழுதுவதும் ஓர் உதவிதான் என்பதைத் தாமதமாகக் கண்டுகொண்டோம். 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. நாங்கள் பேசிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. வாரத்தில் ஒரு மாலை, படங்களை ஒழுங்காகப் புகைப்படம் எடுப்பது, தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவது, சான்றிதழ்களை அடுக்குவது ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கினோம். அரைப் பக்கம் எழுதுவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. "நான் ஏன் வரைகிறேன்" என்று ஒருவரும் எழுதிப் பழகியதில்லை. பேசச் சொல்லி, அவர்கள் பேசுவதை நான் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுகிறேன்.

விளாச்சேரியின் மாதங்கள்

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரி கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள குடும்பங்களோடு ஒரு பட்டறை நடத்த விரும்பி, முதல் முறை ஆவணி மாதத்தில் போய் நின்றோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பது வாசலிலேயே தெரிந்தது. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரிக் கொலு, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று ஆடியிலிருந்து மார்கழி வரை அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. மழை வந்தால் மண் காயாது, சூளை வைக்க முடியாது. "தை பிறந்த பிறகு வாருங்கள்" என்று ஓர் அக்கா தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதிலிருந்து எங்கள் ஆண்டு நாட்காட்டியே மாறியது. மண் வேலை தை முதல் பங்குனி வரை. வாங்குபவர்கள் குறைந்து கைப்பணம் வற்றும் மாதங்கள் அவை. பட்டறைக் கூலி அப்போது போய்ச் சேருவதில் பொருள் இருக்கிறது. அந்த மாதங்களில் கல்லூரி முடித்த சிற்பி ஒருவர் அங்கே தங்கி வேலை செய்கிறார். அச்சு இல்லாமல் கையால் மட்டும் உருவம் பிடிக்கலாம் என்று அவர் முதலில் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் ஆண்டு, அந்த அக்கா தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இரவெல்லாம் விழித்துப் பொம்மைக்கு வண்ணம் பூசும் தன் தாயையே ஒரு முழ உயர உருவமாகப் பிடித்திருந்தார். சூளையில் அதன் இடக்கை விரிசல் விட்டது. விரிசலோடுதான் காட்சிக்கு வைத்தோம். அதை விற்க அவர் சம்மதிக்கவில்லை. காட்சிக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, உருவத்தை மடியில் வைத்தபடி ஆட்டோவில் திரும்பிப் போனார். எங்கள் இடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த படைப்பு அதுதான்.

பள்ளிக்கூடங்களுக்குள் போக எங்களுக்குக் கதவு திறந்தவர்கள் ஓவிய ஆசிரியர்கள். அரசு நடத்தும் ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் எழுதித் தேறி, 2012-இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். அந்த ஆண்டு உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்த்து மாநிலம் முழுவதும் 16,549 பேரை எடுத்தார்கள். ஊதியம் பிறகு கூடியிருக்கிறது, ஆனாலும் பகுதிநேரம்தான். அவர்கள் நல்ல ஓவியர்கள் என்பது அவர்களுடைய தலைமையாசிரியருக்கே தெரியாமல் இருந்தது. ஆண்டுக்கு ஒரு கண்காட்சியை ஓவிய ஆசிரியர்களுக்கு மட்டும் வைக்கிறோம். அவர்களின் மாணவர்கள் வந்து "சார் வரைந்தது" என்று வீட்டாருக்குக் காட்டும்போது அந்த ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022), விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்த ஆண்டுகளிலும் இந்த ஊரைப் பேனாவாலும் மையாலும் நுணுக்கமாக வரைந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் மறைந்த பிறகு, மாசி வீதிப் பெரியவர்களைக் கூப்பிட்டு, இப்போது இல்லாத ஓர் இடத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னோம். எனக்குக் கோடு போடத் தெரியாது என்றவர்கள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இடிக்கப்பட்ட தங்கம் தியேட்டரின் படிகள், வைகையில் துணி துவைத்த பாறை, ஒருவர் தன் அப்பாவின் தறி. கோணலான கோடுகள்தான். அந்தத் தறிப் படத்தில் மிதிகட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஓதம்

2021 நவம்பர் மழையில் பின் அறைச் சுவரில் ஓதம் ஏறியது. பழைய சுண்ணாம்புச் சுவர்; படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தோம். ஒரு வாரம் கழித்துக் கழற்றியபோது தாளில் வரைந்த ஏழு படங்களின் பின்பக்கம் பூசணம் பிடித்திருந்தது. இரண்டு படங்கள் திரும்பப் பெற முடியாதபடி கெட்டுப்போயின. அப்போது எங்கள் சீட்டில் சேதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரைந்தவர் கோபப்படவில்லை, அதுவே எங்களை வாட்டியது. விலையை மூன்று தவணைகளில் கொடுத்து முடித்தோம். சேதப் பொறுப்பு என்ற வரி சீட்டில் அப்படித்தான் வந்தது.

இப்போது ஒவ்வொரு படச் சட்டத்தின் பின்னாலும் நான்கு மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக இடம் விடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பின் அறையில் தாள் ஓவியங்களை மாட்டுவதில்லை. முற்றத்து வெயில் நேரே விழும் சுவரிலும் மாட்டுவதில்லை. தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒளி அளவு. மதுரை வெயிலில் ஒரு ஜன்னலைத் திறந்தாலே அந்தக் கணக்கு தவிடுபொடியாகிவிடும்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். படம் விற்றுக் கிடைக்கும் எங்கள் பங்கு வாடகைக்கே போதாது. படங்களுக்குச் சட்டம் போடும் மேசை ஒன்று பின் அறையில் இருக்கிறது. கல்யாணப் படங்களும் சாமி படங்களும் அங்கே வருகின்றன, வாடகையின் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. வார நாட்களில் நூல் வெளியீட்டுக்குக் கூடத்தை வாடகைக்கு விடுகிறோம். கட்ட முடிந்தவர்களிடம் பட்டறைக் கட்டணம் வாங்குகிறோம். கலைஞர்களுக்கான கூலி தனிக் கணக்கில் இருக்கிறது. வாடகை தாமதமான மாதங்கள் உண்டு. அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை. நிகழ்ச்சிகள் குறைந்தன. முன்பு மாதம் நான்கு நடத்தினோம், இப்போது ஒன்று அல்லது இரண்டு. இதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

தீராமல் இருப்பது விற்காத படங்கள். மேலூர் இளைஞரின் வீடு ஓர் அறை. ஆறு அடிக் காளையைத் திருப்பிக் கொண்டுபோய் அவர் எங்கே வைப்பார்? பலருக்கும் இதே நிலைதான். சிலர் பழைய படத்தின் மேலேயே வெள்ளையடித்துப் புதிதாக வரைகிறார்கள், வைக்க இடமில்லாமல். அதனால் மேல்தளத்தில் காய்ந்த அறை ஒன்றை வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறோம். வாடகை பேசி முடித்தாயிற்று. படங்களைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் மர அடுக்குக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறோம்: ஏழு அடி உயரம், ஒரு கட்டத்துக்கு ஆறு அங்குல அகலம், தரையிலிருந்து ஒரு சாண் மேலே. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாதிக் கூலியை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம்.